கொள்ளிடக் கரைப் புறம்போக்கு

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'ஆற்றங்கரை வாழ்க்கை' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழில் ஆற்றங்கரை என்று சொன்ன உடனே ஒரு நாகரிகம் எழுந்து நிற்கும். ஆற்றங்கரையில்தான் மனிதன் பயிர் வைத்தான், ஊர் கட்டினான், கோயில் கட்டினான் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி நாமெல்லாம் மார்க் வாங்கியிருக்கிறோம். நான் குடியிருக்கிற ஆற்றங்கரைக்கு வருவாய்த்துறைக் கணக்கில் வேறு பேர். ஆற்றுப் புறம்போக்கு. அதிலும் ஆட்சேபகரமான புறம்போக்கு. அதில் இருக்கிற மனுசங்களுக்குப் பேர் ஆக்கிரமிப்பாளர். இந்தப் பேருக்குள்ளே மூணு தலைமுறையா எப்படிப் பொழைக்கிறோம்னு சொல்றதுக்குத்தான் வந்திருக்கேன்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், வெளியூர்த் தோழர்கள் இருக்கிறீர்கள். ஸ்ரீரங்கம் ஒரு தீவு. மேற்கே முக்கொம்பில் ஆறு ரெண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். கிழக்கே கல்லணைப் பக்கம் ரெண்டும் கிட்டத்தில் வந்து, மறுபடி விலகிப் போகும். நடுவில்தான் ரங்கநாதர் கோயில், ஏழு சுற்று மதில், உத்திர வீதி, சித்திர வீதி, திருவானைக்காவல், எல்லாம். எங்கள் தெரு கோயிலுக்கு வடக்கே, கொள்ளிடக் கரைக்கும் படுகைக்கும் நடுவில் இருக்கிறது. நாற்பது சொச்சம் வீடு. தெருப் பேரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. நோட்டீஸ் வந்து விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. அச்சில் வருகிற ஒரு வரியைப் பிய்த்தெடுத்து எங்கள் மேலேயே போடுவார்கள்.

தெரு என்றால் கரை மேலே போகிற ரோட்டிலிருந்து ஒரு சரிவு. சிமெண்டுப் படி பன்னெண்டு இறங்கணும். நாங்களே காசு போட்டுக் கட்டினது. வலது பக்கம் ஒரு வரிசை வீடு, எதிர்ப் பக்கம் நாணலும் வேலிக்கருவையும், அதுக்கப்புறம் மணல். வாசலில் நின்றால் மறுகரை தெரியாது, அவ்வளவு அகலம். வெயில் காலத்தில் வீட்டுக்குள் யாரும் படுக்க மாட்டார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு மணலுக்குப் போய்விடுவோம். பகலெல்லாம் சுட்ட மணல் ராத்திரி ஒன்பது மணிக்குமேல் குளிர ஆரம்பிக்கும். எங்க அப்பாயி சொல்லும் கதையெல்லாம் அந்த மணலில்தான் கேட்டது. சின்ன வயதில் குடத்தை எடுத்துக்கொண்டு போய், மணலைக் கையால் தோண்டி, ஊற்று ஊறும்வரை உட்கார்ந்திருந்து, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு ஊற்றுவோம். அந்தத் தண்ணி மாதிரி இப்ப பாட்டில் தண்ணி கூட இல்லை. சும்மா பெருமைக்குச் சொல்லல. மணல்தானே வடிகட்டி.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சேரி என்றாலே சாக்கடை, கொசு, குடி என்று மட்டும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம பத்திரிகைகளிலும் சில சமயம் அப்படி வருகிறது. எங்களுக்கும் ஆறு ஆறாகத்தான் இருந்தது. கெளுத்தியும் ஆராலும் பிடித்துத் தின்றிருக்கிறோம். தண்ணி வருகிற அன்றைக்கு, நுரையைத் தள்ளிக்கொண்டு மணலில் அது ஊர்ந்து வருவதைப் பார்க்க ஓடியிருக்கிறோம். இழக்கிறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்லைன்னு நினைக்கிறவங்களுக்கு எங்களைக் காலி பண்றது ரொம்ப ஈசி.

இப்போது ஆற்றின் கணக்கு. கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்வான ஆறு, சரிவும் அதிகம். அதனால் முக்கொம்பில் தண்ணி தானாகவே கொள்ளிடத்துக்கு ஓடிவிடும். காவிரித் தலைப்பில் மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்களுக்குத் தண்ணி போவது குறைந்துகொண்டே வந்தது. வரிப் பணம் குறைந்தால் வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா? 1836லிருந்து 1838க்குள் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் வாயை அடைத்து மேலணையைக் கட்டினார். அன்றையிலிருந்து முறை இதுதான்: தண்ணி குறைச்சலாக வந்தால் காவிரிக்கு. தண்ணி மிஞ்சினால் கொள்ளிடத்துக்கு. மேட்டூர் நிரம்பி உபரி வந்தால், டெல்டாவைக் காப்பாற்ற வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்கள். எஞ்சினியர் கணக்கில் இது சரி. நானும் சரி என்றுதான் சொல்வேன். டெல்டாவில் கூலிக்கு நடவு நடுகிறவர்களும் நம்ம சனம்தான், அவர்கள் முழுகக் கூடாது. ஆனால் ஊரும் சேரியும் பிரித்த மாதிரியே ஆற்றையும் பிரித்து வைத்திருக்கிறார்கள் இல்லையா? காய்கிற காலத்தில் எங்கள் பக்கம் ஒரு சொட்டு இல்லை, பெருகுகிற காலத்தில் மொத்தமும் எங்கள் பக்கம். கொள்ளிடம்னா வெள்ளத்தைக் கொள்ளும் இடம்னு பேருக்கு அர்த்தம் சொல்வாங்க. எங்க அப்பாயி, பொணத்துக்குக் கொள்ளி வைக்கிற இடம்னு சொல்லும். ரெண்டுமே எங்க தெருவுக்குப் பொருந்தும்.

எங்களை அங்கே யார் வைத்தது? கோயில் நகரத்துக்கு எல்லா வேலைக்கும் ஆள் வேணும். பொணம் எரிக்க, பறை அடிக்க, செத்த மாடு இழுக்க, துணி வெளுக்க, மணல் அள்ள, சாக்கடை வார ஆள் வேணும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழிப்பறை அள்ள ஆள் வேணும். பழைய அக்கிரகாரத்து வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முன் பக்கம் திண்ணை, கோலம். பின்பக்கம் ஒரு சந்து. அந்தச் சந்து வழியாகத்தான் எங்க அப்பாயி காலையில் வாளியோடு போகும். முன் வாசலை ஒரு நாளும் பார்த்ததில்லை. எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் பேதி என்பதெல்லாம் கொல்லைப் பக்கத்திலிருந்தே அதுக்குத் தெரியும். வேலை முடிந்தபிறகு இந்த ஆட்கள் எங்கே இருப்பது? ஊருக்குள் முடியாது. தூரமாகப் போனால் விடிகாலையில் வேலைக்கு வர முடியாது. கூப்பிடு தூரத்தில், கண்ணில் படாத இடத்தில் இருக்கணும். ஆற்றங்கரையைவிடத் தோதான இடம் ஏது? ஆக, நாங்கள் வந்து ஆக்கிரமித்தோம் என்பதைவிட, இந்த நகரம் எங்களைக் கொண்டுபோய் அங்கே வைத்தது என்பதுதான் நடந்த விஷயம். வைத்ததற்கு ஒரு காகிதம் மட்டும் தரவில்லை.

இந்த ஊர் ஆற்றங்கரையைப் பற்றிப் பேசினால் திருப்பாணாழ்வாரை விட்டுவிட முடியாது. பன்னிரு ஆழ்வாரில் ஒருவர். உறையூர்க்காரர், பாணர் குலம். தீண்டப்படாதவர் என்பதால் தீவுக்குள் கால் வைக்காமல் காவிரியின் தென்கரையில் நின்றே பாடிக்கொண்டிருந்தாராம். தண்ணி எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார். பாட்டில் மெய்ம்மறந்திருந்தவருக்குக் காதில் விழவில்லை. கல்லை எடுத்து எறிந்தார், நெற்றியில் ரத்தம். அப்புறம் பெருமாளே சொன்னதால் அதே முனிவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாராம். முனிவாகனர் என்று பேர் வந்தது. பத்துப் பாட்டுப் பாடி, அப்படியே பெருமாளோடு கலந்துவிட்டார்.

இந்தக் கதையை சமத்துவத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். நான் ஒரு கரைவாசியாகக் கேட்கிறேன். அவர் ஏன் நடந்து போகவில்லை? தோளில் ஏற்றினால்தான் கால் அந்த மண்ணில் படாது. சாமி கூப்பிட்ட பிறகும் கால் படக் கூடாது. போனவர் திரும்பி வந்தாரா என்றால் அதுவும் இல்லை, கலந்துவிட்டார். சிதம்பரத்தில் நந்தனார் தீயில் கலந்த மாதிரி. உள்ளே போன நம்ம ஆட்கள் யாரும் வெளியே வந்து, 'சாமி, நாளைக்கும் வருவேன், குடியிருக்க இங்கேயே ரெண்டு செண்டு கொடுங்க' என்று கேட்டதாகக் கதை இல்லை. இன்னொரு கதையும் உண்டு. மாறனேர் நம்பி என்று ஒரு தலித் வைணவர், ஆளவந்தாரின் சீடர். அவர் இறந்தபோது ராமானுஜரின் குருவான பெரிய நம்பி ஈமச்சடங்கு செய்தார், அதற்காக அவருடைய சொந்த சாதியாரே அவரை ஒதுக்கி வைத்தார்கள் என்று வைணவ நூல்களே சொல்கின்றன. செத்த பிறகும் பக்கத்தில் வரக் கூடாது.

அதே கொள்ளிடத் தண்ணிக்கு வைணவர்கள் வைத்திருக்கிற பேர் வட திருக்காவேரி. ஐப்பசி மாசம் மட்டும் அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து தங்கக் குடத்தில், யானை மேல் திருமஞ்சனத் தண்ணி போகும். மற்ற மாசங்களில் கொள்ளிடத்திலிருந்து போகும். தண்ணி புனிதம். அதே தண்ணிக்குப் பக்கத்தில் இருக்கிறவன் தீட்டு. இந்தக் கணக்கு மட்டும் எந்த எஞ்சினியருக்கும் புரியாது. 1924 ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம். அதே 1924இல்தான் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுத் தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதிலும் தாழ்த்தப்பட்டவர்களைத் தடுக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். மூணு வருஷம் கழித்து, 1927 மார்ச்சில் அம்பேத்கர் மகத் குளத்தில் இறங்கித் தண்ணி குடித்தார். இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கிறவர்கள் இங்கேயிருந்து புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பஸ் ஏறினால் போதும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம்ம ஆட்கள் குடிக்கிற தண்ணித் தொட்டியில் மலம் கிடந்தது.

சரி, இப்போதைய வாழ்க்கைக்கு வருவோம்.

அம்மா மண்டபம் எங்களுக்கு வேலை செய்கிற இடம். ஆடிப் பதினெட்டுக்கும் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் லட்சம் பேர் வருவார்கள். தர்ப்பணம் கொடுத்து, முழுகி, கட்டியிருந்த துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போவார்கள். பாவத்தை விடுகிறார்களாம். சாயங்காலம் அந்தப் பாவத்தை அள்ளுவது எங்க அம்மாவும் சித்தியும். ஈரத் துணி எவ்வளவு கனம் கனக்கும் தெரியுமா? மாலை, வாழையிலை, எள்ளுருண்டை, பிண்டச்சோறு எல்லாம் அதோடு சேர்ந்து இருக்கும். எங்க தெருப் பையன்கள் கயிற்றில் காந்தம் கட்டி ஆற்றில் போட்டு இழுத்துக் காசு எடுப்பார்கள். சுடுகாட்டுச் சாம்பலைச் சல்லடையில் அலசி, பொட்டுத் தங்கம் தேடுகிற பெரியவர் ஒருத்தர் இருந்தார். நகரம் ஆற்றில் விடுகிறதெல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகிறது. ஆனால் ஆற்றை அசுத்தம் பண்ணுகிறவர்கள் யார் என்று கேட்டால் கரையில் இருக்கிற குடிசைக்காரர்கள் என்று பதில் வரும். நாற்பது வீட்டுக் கழிவும் மொத்த ஊர்க் கழிவும் ஒரே தராசில்!

மணல் போன கதை உங்களுக்குத் தெரியும். மாட்டு வண்டியில் அள்ளின காலத்தில் எங்க பெரியப்பாவுக்கு ஒரு ஜோடி மாடு இருந்தது. 2003இல் மணல் குவாரியை அரசே எடுத்துக்கொண்டது. பொக்லைன் இறங்கியது, லாரி வரிசை கட்டியது. மாடு விற்றாச்சு. படுகை பள்ளமாகப் பள்ளமாக ஊற்று கீழே போய்விட்டது. இப்போது சிரட்டையால் மொள்ளுவதற்கு அங்கே தண்ணி இல்லை. இதே படுகையிலிருந்து குழாய் போட்டு எங்கெங்கோ தூர மாவட்டங்களுக்குக் குடிதண்ணி போகிறது. போகட்டும், தாகம் எல்லாருக்கும் ஒண்ணுதான். எங்கள் தெருவுக்கு ஒரே குழாய், காலையில் ஒரு மணி நேரம்.

பெண்கள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும். கூட்டத்தில் இதையெல்லாம் பேசணுமா என்று யாரும் நெளிய வேண்டாம். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குக் கழிப்பறை கிடையாது. கட்டலாம் என்றால் ஆற்றுப் புறம்போக்கில் கட்டக் கூடாது, கட்டினால் ஆக்கிரமிப்பு. ஊர் முழுக்கப் போய்க் கழிப்பறை கழுவுகிற பெண்களுக்குச் சொந்தமாக ஒரு கழிப்பறை கிடையாது. கருவைக் காடுதான். விடிவதற்கு முன்னாடி, இல்லாவிட்டால் இருட்டின பிறகு. நாலு பேர் சேர்ந்து போவோம், டார்ச் ஒருத்தி கையில் இருக்கும். கண்ணாடி விரியனுக்குப் பயந்து தரையைத் தட்டிக்கொண்டே போகணும். மாதவிலக்கு நாளில் எப்படி என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். இதிலும் எங்களுக்கென்று ஒன்று இருந்தது: இருட்டு. தொண்ணூறுகளுக்குப் பிறகு தீவு முழுக்க அடுக்குமாடிக் கட்டடம் வர ஆரம்பித்தது. ரிட்டயர் ஆனவர்கள், பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறவர்கள், கோபுரமும் ஆறும் பார்த்து பால்கனி வேணும் என்று வாங்குகிறார்கள். எங்கள் கரைக்கு மேலேயும் ஒன்று வந்தது. அதன் விளக்கு வெளிச்சம் நேராகக் கருவைக் காட்டில் விழுகிறது. அவர்கள் ஆற்றைப் பார்க்கத்தான் பால்கனி கட்டினார்கள், எங்களைப் பார்க்க இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றையிலிருந்து எங்க பொண்ணுங்க சாயங்காலம் தண்ணி குடிப்பதையே குறைத்துவிட்டார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீரகத்தில் கல். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா 'நிறையத் தண்ணி குடிக்கணும்' என்கிறார். எங்கே போறது டாக்டரம்மா?

ஒரு வேடிக்கை. அந்த அடுக்குமாடியிலிருந்து ஒருவர் புகார் கொடுத்தார். கரையில் திறந்தவெளியில் மலம் கழிக்கிறார்கள், சுகாதாரக் கேடு, அப்புறப்படுத்த வேண்டும் என்று. அவர் வீட்டுக் கழிப்பறையைக் கழுவுவது எங்க சித்தி.

வெள்ளம். மேட்டூரில் நூத்திருபது அடி என்று செய்தி வந்தால் நாங்கள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவோம். முக்கொம்பில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தால் எங்கள் நாணல் முழுகும், எவ்வளவுக்கு முதல் வீட்டு வாசல், எவ்வளவுக்கு மாரியம்மன் பீடம் என்று எங்க தெருக் கிழவிகளுக்கு மனப்பாடம். முன்னாடியெல்லாம் தண்டோரா போட்டுச் சொல்வார்கள். பறையைத் தட்டி எச்சரிக்கை சொல்கிறவரும் நம்ம ஆள், கேட்டு ஓடுகிறவர்களும் நம்ம ஆட்கள். 2022இல் தண்டோரா போடும் வழக்கத்தையே அரசு நிறுத்தச் சொன்னது, நல்ல காரியம். இப்போது ஆட்டோவில் மைக் வருகிறது. 'தாழ்வான பகுதியில் வசிக்கும் பொதுமக்கள்' என்று கூப்பிடுவார்கள். வெள்ளம் வருகிற நாலு நாள் மட்டும் நாங்கள் பொதுமக்கள்.

2018 ஆகஸ்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அஞ்சு வருஷம் கழித்து மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் கரை தொட்டுத் தண்ணி போனது. 1928இல் கட்டின பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் ஆட்டங்கண்டு சரிந்தன. ஆகஸ்டு 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடத்து அணையில் ஒன்பது மதகு அடித்துக்கொண்டு போனது. காட்டன் கட்டி நூத்தி எண்பது வருஷம் நின்ற அணை. படுகையைத் தோண்டித் தோண்டி மணல் எடுத்ததுதான் காரணம் என்று ஊரே பேசியது. 387 கோடி ரூபாயில் புது அணை கட்டினார்கள். கட்ட வேண்டியதுதான். 2024 ஆகஸ்டிலும் பெருவெள்ளம், ஆற்று நடுவில் நின்ற உயரழுத்த மின்கோபுரமே சாய்ந்தது. எங்கள் வீட்டுச் சுவர் எந்த மூலைக்கு?

முகாம் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார்கள். எந்த மண்டபம் என்று சொல்ல வேண்டாம். மேல் மாடியில் வேறு தெருச் சனம், எங்களுக்குக் கீழே வண்டி நிறுத்துகிற இடம். யாரும் சாதி பார்த்துப் பிரித்ததாகச் சொல்லவில்லை, 'உங்க சாமானெல்லாம் ஈரமா இருக்குல்ல' என்றார்கள். மூணு நாள் பொட்டலச் சோறு. நாலாம் நாள் தண்ணி வடிந்து திரும்பினால் முட்டியளவு சேறு, அதற்குள் பாம்பு. நிவாரணப் பட்டியல் எழுத வந்தவர் கேட்ட முதல் கேள்வி, 'பட்டா இருக்கா?' குடிசை இடிந்ததற்குத் தொகை வாங்க வேண்டுமென்றால் குடிசை ஒரு மண்ணில் நிற்கணும், அந்த மண் நம்ம பேரில் இருக்கணும். ஆற்றில் போனது வீடு இல்லையாம், ஆக்கிரமிப்பாம்.

இங்கேதான் பி-மெமோ வருகிறது. மாணவத் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ளணும். 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம், இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. புறம்போக்கில் இருக்கிறவனுக்கு அபராதத் தீர்வை போட்டு ஒரு காகிதம் கொடுப்பார்கள். அதுதான் பி-மெமோ. நீ குற்றவாளி என்று சொல்கிற காகிதம். எங்க அம்மா அதை எண்பதுகளிலிருந்து ஒன்றுகூட விடாமல் பாலிதீன் பையில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். வெள்ளத்தில் முதலில் வெளியே போவது அந்தப் பெட்டிதான், அப்புறம்தான் அடுப்பு, பாத்திரம். ஏன்? நாங்கள் இத்தனை வருஷமாக இதே இடத்தில் இருக்கிறோம் என்று சர்க்கார் முத்திரையோடு சொல்கிற ஒரே அத்தாட்சி அதுதான். ரேசன் கார்டு, ஓட்டு, கரண்டு பில் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தது. குற்றப்பத்திரிகையைப் பத்திரமாக வைத்து அதையே வீட்டுப் பத்திரமாக நீட்டுகிற சனத்தை வேற எங்கே பார்ப்பீர்கள்?

'புறம்போக்கு' என்பதே நம்ம மொழியில் வசவாகிப் போனதையும் கவனியுங்கள். மந்தை, களம், குளம், பாதை, ஆறு என்று எல்லாருக்கும் பொதுவான நிலத்துக்குப் பேர் அது. ஒருவனைக் கேவலமாகத் திட்டணும் என்றால் 'பொறம்போக்கு' என்கிறார்கள். சினிமாவில் கைதட்டு விழுகிறது. பொது நிலத்தில் யார் குடியிருந்தார்களோ, அவர்கள் மேலிருந்த வெறுப்பு நிலத்தின் பேரிலேயே ஒட்டிக்கொண்டது.

பட்டா இல்லாதவர்கள் நாங்கள் மட்டும்தானா? ஸ்ரீரங்கத்தில் அடிமனைப் பிரச்சினை என்று ஒன்று உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் தலைமுறையாக மாடி வீடு கட்டி இருக்கிறவர்களின் மனை கோயிலுக்குச் சொந்தம் என்று அறநிலையத்துறை சொல்கிறது, அவர்கள் தங்களுக்குச் சொந்தம் என்கிறார்கள். வழக்கு, பத்திரப்பதிவு நிறுத்தம், போராட்டம் எல்லாம் நடந்திருக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சியும் தீர்த்து வைப்பதாக வாக்குக் கொடுக்கும். அவர்கள் கேட்பது நியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அங்கே மனை யாருடையது என்ற சண்டைக்குப் பேர் 'உரிமைப் பிரச்சினை'. எங்கள் கரையில் அதற்குப் பேர் 'ஆக்கிரமிப்பு அகற்றல்'. யாரும் உத்திர வீதிக்கு பொக்லைன் அனுப்பியதில்லை.

'உங்கள் உயிரைக் காப்பாற்றத்தானே காலி பண்ணச் சொல்கிறோம்' என்று அதிகாரிகள் பேசுவார்கள். நம்ம படித்த நண்பர்களில் சிலபேரும் இதைச் சொல்கிறார்கள், நல்ல எண்ணத்தில்தான். 1977 நவம்பர் புயலில் திருச்சியே முழுகியது. உறையூர், தில்லை நகர்ப் பக்கமெல்லாம் வெள்ளம். வயலாகவும் வாய்க்காலாகவும் கிடந்த இடத்தில் நகர் விரிந்ததும், கோரையாறும் குடமுருட்டியும் உய்யக்கொண்டானும் ஊருக்குள் புகுந்ததும் எல்லாருக்கும் தெரியும். தில்லை நகர்க்காரர்களை இருபது கிலோமீட்டர் தள்ளிப் போங்கள் என்று யாராவது சொன்னார்களா? கரையை உயர்த்தினார்கள், வாய்க்காலைத் தூர் வாரினார்கள். இன்றைக்கு அங்கே ஒரு மனை என்ன விலை! வெள்ளம் வந்த இடத்தைக் காப்பாற்றுவதா, காலி பண்ணுவதா என்பதை முடிவு பண்ணுவது தண்ணி மட்டுமில்லை.

சென்னையைப் பாருங்கள். கூவம் கரை, அடையாற்றுக் கரையிலிருந்து பிடுங்கியவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதுவும் சதுப்பு நிலம், அங்கேயும் தண்ணி நிற்கிறது. வேலை மட்டும் பழைய இடத்தில். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் பஸ்ஸுக்கே கூலியைக் கொடுத்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டார்கள். 2022 மே மாசம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகளை இடிக்கும்போது ஒருவர் தீக்குளித்தே இறந்துபோனார். குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாற்றிவிட்டார்கள். பேர் நல்ல பேர்.

எங்கள் தெருவில் நாங்கள் பேசி முடிவு பண்ணியது இது. ஆற்றுக்குள்ளேயே இருந்துதான் தீருவோம் என்று யாரும் அடம் பிடிக்கவில்லை. சேற்றை அள்ளி அள்ளி எங்களுக்கும் கை ஓய்ந்துபோச்சு. ஆனால் மாற்று இடம் தீவுக்குள்ளேயே வேணும். விடிகாலை அஞ்சு மணிக்கு வேலைக்கு நடந்து போகிற தூரத்தில், மனையாக வேணும், மாடியில் புறாக்கூண்டு வேண்டாம். பட்டா பெண்கள் பேரில் வரணும். அது கையில் வந்த பிறகுதான் படி ஏறுவோம். அதுவரைக்கும் கழிப்பறை, விளக்கு, இன்னும் ரெண்டு குழாய். இந்தக் கடைசி மூணும் கேட்டதற்கு, 'வசதி பண்ணிக் கொடுத்தால் நிரந்தரமாகிவிடுவீர்கள்' என்று பதில் வந்தது. எங்க அப்பாயி பொறந்த இடத்தில் நாங்கள் இன்னும் தற்காலிகம்!

சட்டமாகப் பார்த்தால், இப்போது வந்திருப்பது 7ஆம் பிரிவு நோட்டீஸ், அதாவது விளக்கம் கேட்பது. அதற்கு எழுத்தில் பதில் கொடுக்காவிட்டால் அடுத்து 6ஆம் பிரிவு, வெளியேற்றம். வெளியேற்றினாலும் மேல்முறையீடு உண்டு. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்சநீதிமன்றம், பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது, முன்னறிவிப்பில்லாமல் துரத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பிலும் அந்த நடைபாதை அவர்களுக்குக் கிடைத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். வக்கீல் தோழர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது வேறு. நாற்பது வீட்டிலும் எந்த வருஷத்து பி-மெமோ இருக்கிறது, யார் பேரில் இருக்கிறது, சர்வே எண் ஒன்றாக இருக்கிறதா, வேற வேறயா என்று ஒரு கணக்கு எடுக்கணும். போன வெள்ளத்தில் நனைந்து மை கரைந்த காகிதங்கள் இருக்கின்றன, வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் எழுத்து தெரியும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைக்கணும். நில அளவைப் புலப்படத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, கரைக்கு மேலே உள்ள அடுக்குமாடியின் சுற்றுச்சுவர் எந்த எண்ணில் நிற்கிறது என்றும் அளந்து பார்க்கணும். அதை யாரும் இதுவரை அளக்கவில்லை. பத்துப் பேர் வந்தால் ஒரே நாளில் முடியும். பெண்களும் வாங்க, எங்க வீட்டுப் பொம்பளைங்க உங்ககிட்டதான் பேசுவாங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் மணல் சுடும். செருப்பு கனமாகப் போட்டுக்கொண்டு வாங்க, கருவை முள் ரப்பரைத் துளைத்துவிடும்.